நீதிக்கும் அணிச்சட்டை உண்டோ?

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து விளையாட்டரங்கில் அந்நாட்டுக் கால்பந்தின் மாபெரும் இறுதிப் போட்டியான ‘சூப்பர் பவுல்’ அப்போதுதான் முடிந்திருந்தது. 28க்கு 3 என்று பின்தங்கிக் கிடந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, எவரும் எதிர்பாரா வண்ணம் எழுந்து வந்து, கூடுதல் நேரத்தில் 34க்கு 28 என்று அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியை வீழ்த்திவிட்டது. வெற்றிக் கோப்பையை வழங்க லீக்கின் தலைமை அதிகாரியான கமிஷனர் ரோஜர் குடெல் மேடையேறினார். அவ்வளவுதான்! பல்லாயிரம் தொண்டைகளிலிருந்து ஒரே கூச்சல், ஒரே ஏளன ஒலி. அவர் பேசிய சொற்கள் அந்தப் பேரிரைச்சலில் மூழ்கிப் போயின.

வாழ்த்து ஒலிக்க வேண்டிய வேளையில் இந்த வசை எதற்கு? அந்த அணியின் தலைமை ஆட்டக்காரரான டாம் பிரேடியை, அப்பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஆடவிடாமல் விலக்கி வைத்தவர் இந்தக் குடெல்தாம். அத்தண்டனையை எதிர்த்துப் பிரேடி நீதிமன்றப் படியேறினார். கீழ்க் கோர்ட்டில் வென்றார், மேல் கோர்ட்டில் தோற்றார், தண்டனையை அனுபவித்தார், திரும்பி வந்து கோப்பையையும் வென்றார். தங்கள் நாயகனுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழி தீர்ந்தது என்று ரசிகர்கள் அன்று ஆர்ப்பரித்தனர்.

அநீதிக்கு எதிராக மக்கள் எழுப்பிய குரல் அது என்று போற்றியோர் உண்டு. அப்படிப் போற்ற என் மனம் இடந்தரவில்லை. பிரேடி தண்டிக்கப்பட்டபோது மற்ற ஊர்களில் கைகொட்டிச் சிரித்தவர்களையும் நான் நீதியின் காவலர்கள் என்று ஏற்கத் தயாராயில்லை. கூச்சலிட்டவர்களும் சிரித்தவர்களும் எதிரெதிர் நின்றதாகத் தோன்றினாலும், இருசாராரும் செய்த பிழை ஒன்றே. வழக்கு என்னவென்று பாராமல், வழக்காடியவர் அணிந்திருந்த சட்டையின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார்கள். அந்தப் பிழையால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தும் காற்றும்

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவத் தோற்பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம் அது. பந்தை எறிபவருக்குக் ‘குவார்ட்டர்பேக்’ என்று பெயர். அணியின் மூளையும் முதுகெலும்பும் அவரே. ஒவ்வோர் அணியும் தான் எறியும் பந்துகளைத் தானே கொண்டு வரும். அப்பந்துகளில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருக்க வேண்டும் என்பது விதி. காற்று சற்றே குறைந்தால் பந்து கைக்கு வாகாக அடங்கும் என்பர்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து ஃபாக்ஸ்பரோவில் பேட்ரியட்ஸ் அணிக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கும் போட்டி நடந்தது. பேட்ரியட்ஸின் பந்துகளில் காற்று குறைவு என்று கோல்ட்ஸ் தரப்பு புகார் செய்தது. இடைவேளையில் அளந்து பார்த்தனர். பேட்ரியட்ஸின் பதினொரு பந்துகளும் 12.5க்குக் கீழே இருந்தன. கோல்ட்ஸின் பந்துகளில் நான்கை மட்டும் அளந்தனர், நேரம் போதவில்லையாம். அளந்த கருவிகள் இரண்டு. இரண்டும் ஒரே பந்துக்கு வெவ்வேறு கணக்குச் சொல்லின. ஒரு கருவியின் கணக்குப்படி கோல்ட்ஸின் அந்த நான்கு பந்துகளில் மூன்றுங்கூட 12.5க்குக் கீழேதான் இருந்தன! ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவுகளையோ எவரும் ஏட்டில் குறித்து வைக்கவில்லை. கதகதப்பான அறையில் அடித்த காற்று குளிர்ந்த திடலுக்கு வந்தால் அழுத்தம் குறையும் என்பது பள்ளிப் பிள்ளையும் பௌதிகப் பாடத்தில் படிக்கும் உண்மை. மிதிவண்டிக் கடையில் காற்றடிப்பவரும் அதை அனுபவத்தால் அறிவார். அன்று மாலையோ குளிர்.

இடைவேளையில் பந்துகளுக்குக் காற்றடித்துத் திருப்பித் தந்தனர். முற்பாதியில் 17க்கு 7 என்றிருந்த ஆட்டத்தைப் பேட்ரியட்ஸ் 45க்கு 7 என்று முடித்தது. குறைந்த காற்றில் 17, நிறைந்த காற்றில் 28! இரண்டு வாரங்களில் அவ்வாண்டின் சூப்பர் பவுலையும் அதுவே வென்றது.

இதற்கிடையில் ஒரு பொய் ஊரெங்கும் உலா வந்தது. பன்னிரண்டு பந்துகளில் பதினொன்று இரண்டிரண்டு பவுண்டு குறைந்திருந்தன என்று ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் செய்தி வெளியிட்டது. உண்மை அளவுகள் லீக்கின் கையில் இருந்தன. அவற்றை மே மாதம் வரை அது வெளியிடவில்லை. பொய்யை மறுக்கவும் இல்லை. நாடு முழுவதும் ‘ஏமாற்றுக்காரன்’ என்ற பட்டத்தைப் பிரேடிக்குச் சூட்டி முடித்த பிறகே மெய் வெளிவந்தது. அப்போது அதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருந்தது?

மண்குடமும் பொன்குடமும்

மே 6ஆம் நாள், லீக் அமர்த்திய வழக்கறிஞர் டெட் வெல்ஸ் 243 பக்க அறிக்கையை அளித்தார். அணியின் கீழ்நிலை ஊழியர் இருவர் வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்கக்கூடும் என்றும், அதைப் பிரேடி ‘பொதுவாகவேனும் அறிந்திருக்கக்கூடும்’ என்றும் அந்த அறிக்கை முடிவு கூறியது. ‘கூடும்’ என்ற ஒற்றைச் சொல்லின் மேல் கட்டப்பட்ட கோட்டை அது. ஐந்தாம் நாள் தண்டனை வந்தது. பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம். புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமை ஒன்றும் நான்காம் சுற்று உரிமை ஒன்றும் பறிப்பு.

நியூ இங்கிலாந்து கொந்தளித்தது. ‘பிரேடியை விடுதலை செய்’ என்ற பதாகைகளோடு அம்மாதமே அணியின் அரங்கில் ரசிகர்கள் பேரணி கூடினர். பறிபோன உரிமையை மீட்டுத் தருமாறு 2016ஆம் ஆண்டு சில ரசிகர்கள் கோர்ட்டுக்கே சென்றனர். 2017 செப்டம்பரில் குடெல் அந்த அரங்குக்கு மீண்டும் வந்தபோது, கோமாளி மூக்குடன் அவர் முகம் அச்சிட்ட துண்டுகளை ஆயிரக்கணக்கானோர் வீசி ஆட்டினர்.

பிற ஊர்களிலோ கொண்டாட்டம்! எதிரணியின் சைகைகளைப் படம் பிடித்ததற்காக அதே பேட்ரியட்ஸ் அணி 2007ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டதை நினைவூட்டி, திருடன் என்றும் திருடனே என்றனர். விசாரணை நேரத்தில் பிரேடி தம் பழைய கைபேசியை அழித்துவிட்டார் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, குற்றமற்றவன் ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டனர்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. விசாரணை நடக்கையில் கைபேசியை அழிப்பது அறிவுடைமையன்று. அழிப்பது தம் வழக்கம் என்று பிரேடி சொன்ன சமாதானம் பலருக்கு நிறைவளிக்கவில்லை. அவ்விரு ஊழியர்களும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகளில் ஒருவர் தம்மைக் ‘காற்றிறக்குபவர்’ என்று குறிப்பிட்டிருந்ததும் ஐயத்துக்கு இடந்தருவதே. பிரேடி தூயவர் என்று சான்றிதழ் வழங்க நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. பாஸ்டனில் ‘சான்று எங்கே?’ என்று முழங்கியவர்கள், இதே ‘கூடும்’ என்ற சொல்லை வைத்து எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தண்டிக்கப்பட்டிருந்தால் முழங்கியிருப்பார்களா? இண்டியானாபொலிஸில் ‘ஒழியட்டும்’ என்று சிரித்தவர்கள், தங்கள் ஆட்டக்காரர் அந்தக் கூண்டில் நின்றிருந்தால் சிரித்திருப்பார்களா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி கடல் கடந்தும் செல்லுபடியாகிறது.

ஒருவர், நான்கு நாற்காலிகள்

உண்மையான வழக்கு காற்றைப் பற்றியதே அன்று. தண்டனையை எதிர்த்துப் பிரேடி மேல்முறையீடு செய்தார். 2015 ஜூன் 23ஆம் நாள் அதை விசாரித்தவர் யார்? தண்டனையின் தலைவரான அதே குடெல்! விசாரணைக்கு ஏற்பாடு செய்தவர் அவர். அறிக்கையை ஏற்றவர் அவர். அவர் பெயரால் தண்டனை பிறந்தது. அத்தண்டனை சரியா என்று சீர்தூக்க அமர்ந்தவரும் அவர். நான்கு நாற்காலிகள், அமர்ந்தவர் ஒருவர். அவரைப் பதவியில் அமர்த்திச் சம்பளம் கொடுப்போர் முப்பத்திரண்டு அணிகளின் உரிமையாளர்கள்.

விசாரணையைச் சுதந்தரமானது என்றார்கள். ஆனால் லீக்கின் தலைமைச் சட்ட அதிகாரியே அவ்விசாரணையின் இணைத் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்தார். அறிக்கை வெளிவருமுன் அதைப் பார்த்துக் கருத்துரைத்தும் இருந்தார். அவரைக் குறுக்கு விசாரணை செய்யப் பிரேடியின் தரப்பு அனுமதி கேட்டது, கமிஷனர் மறுத்துவிட்டார். விசாரணைக் குறிப்புகளையும் அத்தரப்புக்குத் தரவில்லை. ஜூலை 28ஆம் நாள் வந்த தீர்ப்பிலோ குற்றச்சாட்டே வளர்ந்துவிட்டது. ‘பொதுவாக அறிந்திருக்கக்கூடும்’ என்று அறிக்கை சொன்னது, ‘சதியில் பங்கு கொண்டார்’ என்று உருமாறியது. ஊக்க மருந்து உட்கொள்வோருக்குரிய தண்டனையை உவமை காட்டி நான்கு ஆட்டத் தடையை நிலைநிறுத்தினார் கமிஷனர். ஆட்டப் பொருள்களில் முறைகேடு செய்வோருக்கு அபராதம் என்றே ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்ட விதிநூல் கூறியது!

வழக்கு நியூயார்க் பெடரல் கோர்ட்டில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் முன் வந்தது. செப்டம்பர் 3ஆம் நாள் அவர் தண்டனையை ரத்துச் செய்தார். இத்தகைய தண்டனை வரும் என்ற முன்னறிவிப்பு ஆட்டக்காரருக்கு இல்லை. சாட்சியை விசாரிக்க விடவில்லை. கோப்புகளைக் காட்டவில்லை என்ற மூன்று காரணங்களை அவர் காட்டினார். பந்தில் காற்று இறக்கப்பட்டதா என்பதைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பாஸ்டன் தெருக்களிலோ, பிரேடி நிரபராதி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று கூத்தாடினர்.

2016 ஏப்ரல் 25ஆம் நாள் இரண்டாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு மன்றம், இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பைப் புரட்டியது. நீதிபதிகள் பார்க்கரும் சின்னும் கூறியதன் சாரம் இது: தண்டனை சரியா தவறா என்று பார்ப்பது எங்கள் வேலையன்று. கூட்டு ஒப்பந்தத்தின் 46ஆம் பிரிவு மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரத்தைக் கமிஷனருக்கே தந்திருக்கிறது. அவர் அந்த எல்லைக்குள் நடந்தாரா என்பதே கேள்வி. தலைமை நீதிபதி கட்ஸ்மன் இதற்கு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டில் குற்றத்தின் அடிப்படையே மாற்றப்பட்டதையும், கையில் பிசின் தடவிக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு விதித்த சில ஆயிரம் டாலர் அபராதத்தோடு இத்தண்டனையை ஒப்பிட்டுக்கூடப் பாராததையும் அவர் சுட்டிக்காட்டினார். மற்ற ஊர்களில் அன்று பட்டாசு வெடிக்காத குறைதான். பிரேடி குற்றவாளி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்றனர். இந்தக் கோர்ட்டும் அப்படிச் சொல்லவில்லை! இரண்டு தீர்ப்புகள் வந்தன. இரண்டையும் படியாமலே இரு கூட்டமும் கொண்டாடின. ஜூலை மாதம் மறு விசாரணைக்கும் மன்றம் இணங்காததால் பிரேடி போராட்டத்தைக் கைவிட்டார்.

ஒப்பமிட்டவர் அவர்தாமே!

இங்கே சிலர் ஒரு தடையை எழுப்புவர். “ஆட்டக்காரர்களின் சங்கம்தானே அந்த 46ஆம் பிரிவுக்கு ஒப்பமிட்டது? பணத்தைப் பெற்றுக்கொண்டு அதிகாரத்தைக் கமிஷனரிடம் விட்டுவிட்டு, பின்னர் அழுதால் யார் பிழை?” என்பர். வலுவான தடைதான். 2011ஆம் ஆண்டு உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தபோது அவர்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் முதற்பெயராக நின்றவரே இந்த டாம் பிரேடி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போராட்டத்தின் முடிவில் பத்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் பிறந்தது. வருவாயில் பங்கு, பயிற்சி நாள் குறைப்பு என்று பலவற்றைப் பேசி வாங்கினர். தண்டிக்கும் அதிகாரம் பழையபடியே கமிஷனரிடம் தங்கிவிட்டது. தம் பெயரைத் தாங்கிய போராட்டம் விட்டுவைத்த கயிறே நான்காண்டுகளில் பிரேடியின் கழுத்தைச் சுற்றியது.

ஆனால் ஒப்பமிட்டதனால் ஓர் ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்பது வேறு. அது நியாயமாகும் என்பது வேறு. கோர்ட் முதலாவதைச் சொல்லிற்று. இரண்டாவதைச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் சீட்டு வாங்கி அரங்கை நிரப்பும் ரசிகர்கள். முப்பத்திரண்டு ஊர்களின் ரசிகர்களும் ஒரே குரலில், ‘குற்றம் சாட்டுபவரே தீர்ப்பளிக்கும் முறை எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று முகஞ்சுளித்திருந்தால், தொலைக்காட்சி வருவாயை நம்பி வாழும் உரிமையாளர்கள் செவி சாய்க்காமல் இருந்திருப்பார்களா? அந்த ஒரே குரல் எழவில்லை. ஓர் ஊர் கத்தியது. மற்ற ஊர்கள் சிரித்தன. நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

இந்தச் சிரிப்பின் விலை விரைவிலேயே தெரிந்தது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் எஸக்கியேல் எலியட்டுக்கு, தம்மோடு பழகிய பெண் ஒருவரைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஆறு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அரசு வழக்கறிஞர்கள் அவர்மீது வழக்குத் தொடுக்க முன்வரவில்லை. புகார் சொன்னவரை நேரில் விசாரித்த லீக்கின் சொந்த விசாரணையாளர், கமிஷனரோடு நடந்த முடிவான ஆலோசனையில் இடம்பெறவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. மேல்முறையீட்டைக் கேட்க அமர்ந்தவரும் கமிஷனர் நியமித்தவரே; லீக்கில் முன்பு உயர்பதவி வகித்தவர். எலியட் டெக்சஸ் கோர்ட்டை நாடினார். லீக்கோ நியூயார்க் கோர்ட்டுக்கு விரைந்தது. ஏன் நியூயார்க்? பிரேடிக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு அங்கேதான் முன்மாதிரியாய் இருந்தது! முடிவில் எலியட் ஆறு ஆட்டத் தடையையும் அனுபவித்தார். இப்போது கூச்சலிடும் முறை டல்லஸ் ரசிகர்களுக்கு. சிரிக்கும் முறை பிறருக்கு.

எலியட் குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நான் அறுதியிட முனையவில்லை. செய்திருந்தால் அது பந்துக் காற்றைப் போன்ற அற்ப விவகாரமன்று. குற்றம் பெரிதாகப் பெரிதாக விசாரணையும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கொடியவனுக்கும் நீதியா?

மற்றொரு தடையும் எழும். “கமிஷனரிடம் அதிகாரம் இருந்தால்தானே தீயவர்களை அடக்க முடியும்? விசாரணை, சாட்சி, அப்பீல் என்று நீட்டினால் கொடியவர்கள் தப்பிவிட மாட்டார்களா?” என்பர் நல்லெண்ணம் கொண்டோர்.

ரே ரைஸ் என்பவரின் வழக்கு இதற்கு விடை கூறும். 2014ஆம் ஆண்டு இவர் தம் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்தினார். அதில் ஐயமில்லை. அளவற்ற அதிகாரம் படைத்த கமிஷனர் விதித்த தண்டனை என்ன? இரண்டு ஆட்டத் தடை! செப்டம்பரில் அந்தக் காட்சியின் படம் வெளியாகி நாடே கொதித்தெழுந்ததும், அதே குற்றத்துக்குக் காலவரையற்ற தடை என்று மாற்றினார். நவம்பரில் மத்தியஸ்தராக அமர்ந்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அந்த இரண்டாம் தண்டனையை ரத்துச் செய்தார். ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டிக்க எவருக்கும் உரிமையில்லை என்ற எளிய நியாயம் அங்கே வென்றது. அடிபட்ட பெண்ணுக்கோ முதல் நாளில் கிடைத்திருக்க வேண்டிய நீதி என்றைக்குமே கிடைக்கவில்லை. தட்டிக் கேட்க ஆளில்லாத அதிகாரம் தீயவரை அடக்கும் என்று நம்புவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கூச்சல் குறைந்த நாளில் அது இரண்டு ஆட்டம் என்னும். கூச்சல் மிகுந்த நாளில் ஆயுள் முழுவதும் என்னும். பெண்ணை அடித்தவனுக்கு முதலில் இரண்டு. பந்தில் காற்று குறைந்ததை ‘அறிந்திருக்கக்கூடியவருக்கு’ நான்கு. இதற்குப் பெயர் நீதியா, கூச்சலின் எடைக்கு எடை போடும் வியாபாரமா?

2020ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்தில் ஒரு சிறு மாறுதல் வந்தது. நன்னடத்தை வழக்குகளில் முதல் விசாரணையை, லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் பொதுவான அதிகாரி ஒருவர் நடத்துவார் என்றானது. மேல்முறையீடோ மீண்டும் கமிஷனரிடமே, அல்லது அவர் கைகாட்டுபவரிடமே! 2022இல் டிஷான் வாட்சன் வழக்கில் முன்னாள் நீதிபதி சூ ராபின்சன் ஆறு ஆட்டத் தடை விதித்தார். போதாது என்று லீக்கே மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்கக் கமிஷனர் தாமே ஒருவரை அமர்த்தினார். முடிவில் பதினொரு ஆட்டத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம் என்று சமரசமாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் முறையிட்ட வழக்கு அது. தண்டனை கூடியதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் தண்டனை நமக்கு உகந்ததாக அமைந்தது என்பதற்காக, வழக்காடும் தரப்பே மேல்முறையீட்டு நீதிபதியை நியமித்ததை நாம் மெச்சலாமா? மெச்சினால் ஃபாக்ஸ்பரோ ரசிகருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

யாருக்கும் நினைவில்லாத இருவர்

கடைசியாக ஒன்று. இந்த வழக்கில் முதலில் வேலையிழந்து நின்றவர்கள் பிரேடியும் அல்லர், அணியின் கோடீஸ்வர உரிமையாளரும் அல்லர். பந்துக்குக் காற்றடித்துத் துடைத்துத் தயார் செய்த ஓர் ஊழியரும், ஆட்ட நடுவர்களின் அறையில் பணி செய்த பகுதிநேர ஊழியர் ஒருவருந்தாம். அறிக்கை வெளிவந்தவுடன் அவர்கள் இருவரும் காலவரையின்றி விலக்கி வைக்கப்பட்டனர். 2015 செப்டம்பரில் அந்தத் தடை நீங்கியபோதும், பந்துகளைத் தொடலாகாது என்ற நிபந்தனை அவர்களைத் தொடர்ந்தது. பிரேடிக்காக வழக்காடச் சங்கம் இருந்தது. நாட்டின் தலைசிறந்த வக்கீல்கள் இருந்தனர். இரண்டு கோர்ட்டுகள் கதவைத் திறந்தன. அவ்விருவருக்கு அந்தச் சங்கம் இல்லை. அவர்களைப் பற்றிய ‘கூடும்’ மெய்யா பொய்யா என்று எந்தக் கோர்ட்டும் ஆராயவில்லை. ‘பிரேடியை விடுதலை செய்’ என்று எழுதிய பதாகைகள் எத்தனை எத்தனையோ! அவ்விருவர் பெயரைத் தாங்கி அப்படியொரு பேரணி கூடிற்றா?

நீதியின்மேல் கொண்ட காதலால் எழுந்த கூச்சலாயின், அது முதலில் அந்த எளியவர்களுக்காக எழுந்திருக்க வேண்டும். எழவில்லை என்பதிலேயே அந்தக் கூச்சலின் தரம் தெரிந்துவிடுகிறது.

நம் இல்லங்களிலும் ஆட்டம் பார்க்கிறோம். ஆட்டம் எதுவாயினும், அணி எதுவாயினும், நடுவரின் விரல் உயர்ந்தவுடன் பிள்ளைகள் திரையைப் பார்ப்பதோடு நம் முகத்தையும் பார்க்கிறார்கள். நம் அணிக்குச் சாதகமான பிழைக்கு நாம் மௌனமாயிருந்து, பாதகமான பிழைக்கு மட்டும் குதித்தெழுந்தால், நியாயம் என்பது நம்மவருக்கு மட்டும் உரியது என்ற பாடத்தை அவர்கள் வாய்பேசாமல் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடம் விளையாட்டோடு நிற்காது. நாளை குடும்பத்தில் ஒரு பாகப் பிரிவினை, தெருவில் ஒரு தகராறு, வேலைத்தலத்தில் சக ஊழியர்மீது ஒரு புகார் வரும்போது, ‘என்ன நடந்தது?’ என்று கேட்குமுன் ‘அவன் யாருடைய ஆள்?’ என்று கேட்கும் நாவாக அது வளர்ந்து நிற்கும்.

ஆகவே அடுத்த முறை ஏதேனும் ஓர் ஆட்டக்காரருக்குத் தண்டனை என்ற செய்தி வந்தால், அவர் பெயரை மறைத்துவிட்டு வீட்டுப் பிள்ளைகளிடம் நான்கே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டியவர் யார்? விசாரித்தவர் யார்? தண்டித்தவர் யார்? அப்பீலைக் கேட்டவர் யார்? நான்குக்கும் ஒரே பெயர் விடையாக வந்தால், தண்டிக்கப்பட்டவர் நம் நாயகராயினும் நம் பகைவராயினும், அந்தத் தீர்ப்புக்குக் கைதட்டக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.